மொரிஸ் மைனர் 1098: கம்மி சல்லில எஞ்சின் கட்டி பவர் ஏத்தலாமா? நானுஓயா ஏத்தத்துல மூச்சு வாங்குது

நானுஓயா_மைனர்:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா சும்மா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுத வேண்டிய நெலமை வந்திருச்சு. வீட்டுல ஒரு மொரிஸ் மைனர் நிக்குது, 1098 சிசி, ஸ்ரீ நம்பர், தாத்தா டீமேக்கரா இருந்தப்ப ஒரு தொரைகிட்ட வாங்கினது, பெறகு அப்பா ஓட்டினாரு, இப்ப என் கையில. பாடி நல்லாருக்கு, துரு பெருசா இல்ல. எஞ்சின்தான் மானத்த வாங்குது. நானுஓயாவுல இருந்து நுவரெலியா ஏறுறதுக்குள்ள செகண்ட் கியருக்கு வந்து அப்படியே முக்கிக்கிட்டே போகுது, பின்னால மரக்கறி லொறிக்காரன் ஹோர்ன் அடிச்சி அடிச்சிப் பாத்துட்டு கடைசில முந்திட்டுப் போறான், அதுவும் லோட் ஏத்திக்கிட்டு!! ரதல்ல குறுக்கு ரோட் பக்கம் எட்டியே பாக்கிறதில்ல.

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க செவர்லே 350 எஞ்சின வீட்டுக் கராஜ்ல வச்சி கம்மி செலவுல கட்டி 400 குதிரை எடுக்கிறத பாத்துப் பாத்து எனக்கும் ஆசை வந்திருச்சு. என் பிளேன் என்னன்னா 60 ஓவர்சைஸ் போர் அடிச்சி (சிலிண்டர கடைஞ்சி அகலமாக்கி) புது பிஸ்டன், ரெட்டைக் காபரேட்டர், ரேஸ் கேம் (வால்வ தொறந்து மூடுற தண்டு), சைலன்சர் பைப்ப பெருசாக்கிறது. கையில இருக்கிறது ஒன்றரை லட்சம். அதுக்கு மேல வீட்டுல கேட்டா வண்டியோட என்னையும் வெளிய நிறுத்திருவாங்க. மஹகஸ்தோட்ட ஏத்தப் பந்தயத்த சின்ன வயசுல இருந்து ஏப்ரல் சீசனுக்கு வேலியில தொங்கிக்கிட்டுப் பாத்தவன் நான், அதுக்காக பந்தயம் ஓடப் போறதில்ல, வீட்டு ரோட்ல மரியாதையா ஏறினா போதும்.

சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு கொம்பிரஷன் அடிச்சிப் பாத்தாச்சு, 118, 115, 85, 112 பிஎஸ்ஐ. பாத்த மெக்கானிக் பாஸ் நாலு சிலிண்டரும் தேஞ்சி போச்சு, போர் அடிக்கணும் கிரேங்க் அடிக்கணும், ஒன்றரை லட்சம் அதுக்கே பத்தாதுன்னுட்டாரு. என்ன செய்யலாம்னு சொல்லுங்க அண்ணமாரே.

சின்னத்தம்பி_வி8:

மச்சான் நானும் அந்த வீடியோ எல்லாம் ராத்திரி ராத்திரியா பாக்கிறவன்தான், ஆனா ஒண்ணு யோசி. 350ன்னா 350 கியூபிக் இஞ்சி, 5.7 லீட்டர். 1967ல கெமரோவோட வந்த எஞ்சின். அவங்க 30 தௌ (ஒரு தௌன்னா இஞ்சில ஆயிரத்துல ஒண்ணு) போர் அடிச்சா 355 ஆகுது, அதாவது கூடுறது வெறும் 5 கியூபிக் இஞ்சி. போர் அடிச்சதால 400 குதிரை வரல மச்சான், தேஞ்ச சிலிண்டர சுத்தம் பண்ணத்தான் போர் அடிக்கிறாங்க. பவர் வர்றது ஹெட்டுல இருந்தும் கேம்ல இருந்தும், கொஞ்சம் கொம்பிரஷன்ல இருந்தும். உன் கணக்கு பாரு, 1098ல போர் 64.58 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 83.72. 60 தௌ ஏத்தினா போர் 66.1 ஆகும், மொத்தம் 1149 சிசி வரும். உன் ஒன்றரை லட்சத்துல முக்கால்வாசி கொடுத்து வாங்கப் போறது 51 சிசி, நூத்துக்கு அஞ்சு கூட இல்ல. லொறிக்காரன் அப்பவும் முந்துவான் 😂

ஹட்டன்_லேத்:

தம்பி, மொதல்ல அந்த 118, 115க்கு யாரும் பயப்பட வேணாம். கேஜ் எங்க வச்சி அடிச்சீங்கன்னு பாஸ் யோசிக்கல. நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உசரம், அங்க காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல நூத்துக்கு எம்பதுதான். சிலிண்டர் உள்ள இழுக்கிற காத்தே கொறைச்சல்னா அத நசுக்கி வர்ற அளவும் கொறையத்தானே செய்யும். புத்தகத்துல போட்டிருக்கிற நம்பர் எல்லாம் கடல் மட்டத்துக்கு. உங்க 118ஐ 0.8ஆல வகுத்துப் பாருங்க, 147 வருது. 112ம் 140 ஆகுது. அறுவது வருசத்து எஞ்சினுக்கு அது மோசமே இல்ல, மூணு சிலிண்டர் சொகமா இருக்கு. சீக்காளி மூணாம் நம்பர் மட்டும்தான்.

பவரும் அதே கதைதான். 1098 மைனருக்கு கம்பெனி சொன்னது 48 குதிரை. நுவரெலியாவுல அதுல ஒம்போது பத்து குதிரை மேயப் போயிரும், மிச்சம் 38 சொச்சம். கொழும்புல பழைய 948 மைனர் ஓடுதே, 37 குதிரை, கிட்டத்தட்ட அதத்தான் நீங்க ஓட்டிக்கிட்டு இருக்கீங்க, அதுலயும் ஒரு சிலிண்டர் அரை உசுரு. மூணரை சிலிண்டர்ல ரெட்டைக் காபரேட்டர் போட்டு என்ன பண்றது?

ஒரு வேலை பண்ணுங்க, காசு செலவில்ல. மூணாம் நம்பர் பிளக் ஓட்டையில ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஒயில் ஊத்தி திரும்பக் கொம்பிரஷன் அடிங்க. நம்பர் நல்லா ஏறினா ரிங்கு, ஏறலேன்னா வால்வு. பெறகு எஞ்சின் நல்லா ஆறினப்புறம் டெபட் கவர கழட்டி எட்டு வால்வுக்கும் ரொக்கருக்கும் நடுவுல கேப் எவ்வளவுன்னு பாருங்க, 12 தௌ இருக்கணும். மூணாம் நம்பர் எக்ஸோஸ்ட்ல எவ்வளவுன்னு மட்டும் எழுதுங்க, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. வேற யாரும் அதுவரைக்கும் எதையும் வாங்கச் சொல்லாதீங்க தம்பிகிட்ட.

டட்சன்1200:

அண்ணே நான் சொன்னா எல்லாரும் ஏசுவீங்க, ஆனாலும் சொல்றேன், அந்த எஞ்சின எறக்கிட்டு டட்சன் சனி ஏ12 எஞ்சினும் கியர்பொக்ஸும் போடுங்க. 1171 சிசி, அஞ்சு மெயின் பேரிங், மொரிஸுக்கு மூணுதான். 73 போர் 70 ஸ்ட்ரோக், அதனால சுத்த விட்டா சந்தோசமா சுத்தும், மைனர் எஞ்சின் மாதிரி 5000 தாண்டினா சாமி கும்பிட வேண்டியதில்ல. எங்க சித்தப்பா வண்டில போட்டிருக்கு, ஃபர்ஸ்ட் கியருக்கும் சிங்க்ரோ இருக்கிறதால (வண்டி உருளுறப்பவே கியர் விழும்) ரம்பொடை வளைவுல நின்னு நின்னு எடுக்கிறப்ப சொர்க்கம்.

வெள்ளவத்தை_மினி:

எஞ்சின் மாத்திறது லேசு, பிறகு வண்டிப் புத்தகத்தில எஞ்சின் நம்பர் மாத்துறதுக்கு ஆர்எம்வி (மோட்டார் வாகனப் பதிவு கந்தோர்) வாசல்ல நிக்கிறது ஆர்? அதோட உவர் தாத்தாட வண்டி எண்டு சொல்லுறார், ஒரிஜினல் எஞ்சினோட இருக்கிற மைனருக்கு விலையும் வேற. நான் மாத்த வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். ஹெட் கழட்டுற நிலமை வந்தா அதில அடிச்சிருக்கிற காஸ்டிங் நம்பரை ஒருக்கா பாருங்கோ. 12ஜி295 எண்டு ஒரு ஹெட் இருக்கு, எம்ஜி 1100லயும் 998 கூப்பர்லயும் வந்தது, வால்வு பெருசு, பாதையும் நல்லம், உங்கட புளொக்குக்கு அப்பிடியே இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையள்ல ஆரும் 1300ட ஹெட் தாறன் எண்டு 12ஜி940ஐ நீட்டினா எடுத்துப்போடாதேங்கோ, எக்ஸோஸ்ட் வால்வு புளொக்கில போய் முட்டும், புளொக்கை குடைஞ்சுதான் போடோணும்.

நானுஓயா_மைனர்:

ஹட்டன் அண்ணே உங்களுக்கு ஜோசியம் தெரியுமா? ஒயில் ஊத்தி அடிச்சேன், 85 இருந்தது 88 ஆச்சு, அவ்வளவுதான். கேப் பாத்தேன், மத்ததெல்லாம் 10, 11, 13ன்னு முன்ன பின்ன இருக்கு, மூணாம் நம்பர் எக்ஸோஸ்ட்ல கேஜ் உள்ளயே போகல, கேப்பே இல்ல. போன வருசம்தான் டெபட் செட் பண்ணினது, அதுக்குள்ள எப்படி இறுகும்? தேஞ்சா லூஸ்தானே ஆகணும்??

ஹட்டன்_லேத்:

அதேதான் நான் நெனைச்சது. வால்வு சீட் உள்ள எறங்கிருச்சு தம்பி. தேயிறது ரொக்கர் இல்ல, ஹெட்டுல வால்வு ஒக்கார்ற எடம். அந்த எடம் தேய தேய வால்வு மேல ஏறி வரும், கேப் கொறையும், கடைசில வால்வு முழுசா மூடாது, மூடாத எடுக்குல சூடான புகை பிச்சிக்கிட்டுப் போயி வால்வு ஓரத்த கருக்கிரும். அந்தக் காலத்துல பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சு, அது வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருந்து காப்பாத்துச்சு. நம்ம நாட்டுல 2002ல ஈயப் பெட்ரோல நிப்பாட்டிட்டாங்க, இந்த ஹெட்டோ வெறும் வார்ப்பிரும்பு. கொழும்புல மெதுவா ஓட்டுறவனுக்கு வருசக்கணக்கா தாங்கும், நம்ம ஏத்தத்துல முழு திரொட்டில்ல அரை மணிநேரம் இழுக்கிறவனுக்கு சீக்கிரமே எறங்கிரும். அதுலயும் ரெண்டாம் நம்பரும் மூணாம் நம்பரும் ஒரே எக்ஸோஸ்ட் ஓட்டையில புகை விடுறது, ஹெட்டுலயே ரொம்ப சூடான எடம் அதுதான். அதனால ரெண்டாம் நம்பரும் வரிசையில நிக்குதுன்னு வச்சிக்கோங்க.

இப்ப உங்க ஒன்றரை லட்சத்த எங்க போடணும்னு சொல்றேன். புளொக்க தொடாதீங்க, கிரேங்க தொடாதீங்க. ஹெட்ட மட்டும் கழட்டி நல்ல லேத்துக்குக் கொண்டு போங்க. நாலு எக்ஸோஸ்டுக்கும் கடின ஸ்டீல் சீட் அடிக்கச் சொல்லுங்க, நாலு புது எக்ஸோஸ்ட் வால்வு, கைடு ஆட்டம் இருந்தா அதுவும், இன்டேக்க கிரைண்ட் பண்ணினா போதும். ஹெட் கையில இருக்கிறப்பவே கொம்பிரஷனையும் கொஞ்சம் ஏத்திக்கலாம், இங்கதான் மலைக்காரனுக்கு ஒரு கொடுப்பினை. காத்து மெலிசா இருக்கிறதால சிலிண்டருக்குள்ள அழுத்தம் கொறைவு, பெட்ரோல் தானா வெடிச்சி சீக்கிரம் தட்டாது, கொழும்புக்காரன் ஏத்தப் பயப்படுற அளவுக்கு நீங்க தைரியமா ஏத்தலாம்.

கணக்கு இப்படி. ஒரு சிலிண்டர் 274.5 சிசி. உங்களது 8.5 கொம்பிரஷன் ரேஷியோன்னா (காத்த எத்தன மடங்கு நசுக்குதுங்கிற கணக்கு) பிஸ்டன் மேல நிக்கிறப்ப மிச்சமிருக்கிற எடம் 36.6 சிசி. அத 33க்கு கொண்டு வந்தா 9.3 வரும். அதாவது சேம்பர்ல மூணரை சிசி கொறைக்கணும். அதுக்கு ஹெட்டோட அடிப்பக்கத்த எவ்வளவு சீவணும்னு கண்ணால சொல்ற லேத்காரன நம்பாதீங்க (நானும் லேத்காரன்தான், அதனாலதான் சொல்றேன்). பாமசியில பெரிய சிரிஞ்ச் ஒண்ணு வாங்குங்க, ஹெட்ட தலைகீழா லெவலா வச்சி, வால்வும் பிளக்கும் மாட்டி, கிரீஸ் பூசி ஓட்டை போட்ட பெர்ஸ்பெக்ஸ் தகடு ஒண்ண மூடி, ஓட்டை வழியா மண்ணெண்ணெய் விட்டு நாலு சேம்பரும் எத்தன சிசின்னு அளந்து எழுதுங்க. கொஞ்சம் சீவி திரும்ப அளங்க. நாலும் சமமா வரணும், வராததுல கிரைண்டர் விட்டு சமமாக்கணும். ரெண்டு சாயங்காலம் போகும், ஆனா யூடியூப் 350காரன் காசு கொடுத்துச் செய்றத நீங்க சிரிஞ்சால செய்றீங்க.

கேஸ்கட் ஓட்டைக்கும் போர்ட்டுக்கும் விளிம்பு சேராம படி மாதிரி நிக்கும், அத மட்டும் தேய்ச்சி வழவழப்பாக்குங்க. உள்ள பெருசாக் குடையாதீங்க, அஞ்சே போர்ட் உள்ள ஹெட், தண்ணி ஜெக்கட்ட ஓட்டை போட்டுட்டு என்கிட்ட வந்தவங்க இருக்காங்க.

ரேஸ் கேம் வேணாம். அது 5000, 6000ல கொடுக்கும், கீழ இருக்கிறதப் புடுங்கிக்கும். நீங்க ரதல்லையில 2000, 2500ல இழுக்கப் போறவரு. மூணு பேரிங்குல நீட்டு ஸ்ட்ரோக் கிரேங்க்க அந்த வேகத்துல சுத்த விட்டா அந்த ஒன்றரை லட்சத்த அப்பதான் தேடுவீங்க. ரெட்டைக் காபரேட்டரும் இப்ப வேணாம், ஒரு எஸ்யூ காபரேட்டர ஒழுங்கா டியூன் பண்ணவே ஆளில்ல, ரெண்ட யாரு சமப்படுத்துறது? பிளக் என்ன கலர்ல இருக்கு, கரிதானே?

நானுஓயா_மைனர்:

கரிதான் அண்ணே, அடுப்புக்கரி மாதிரி.

ஹட்டன்_லேத்:

அப்ப அதுலயே ஒண்ணு ரெண்டு குதிரை கட்டிக் கெடக்கு. காத்து கொறையுது, பெட்ரோல் அந்தளவுக்குக் கொறையிறதில்ல, அதனால மேல வர வர ரிச், அதாவது பெட்ரோல் கூடிப்போகும். காபரேட்டர் அடியில ஜெட்டுக்கு ஒரு நட் இருக்கு, மேல ஏத்தினா பெட்ரோல் கொறையும். எஞ்சின் சூடானதும் பக்கத்துல இருக்கிற சின்ன பின்ன நெகத்தளவு தூக்குங்க, பிஸ்டன் லேசா ஒசரும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்னா ரிச், எஞ்சின் விக்கி நிக்கப் பாத்தா லீன் (பெட்ரோல் பத்தல), ஒரு நொடி ஏறிட்டு பழையபடி வந்தா சரி. நட்ட ஒரு பக்கம் ஒரு பக்கமாத் திருப்பிப் பாருங்க, அவசரமில்ல. மேல இருக்கிற பித்தளை மூடிய கழட்டி டேம்பருக்கு ஒயில் இருக்கான்னும் பாருங்க, பத்து வண்டி வந்தா எட்டுல காய்ஞ்சி கெடக்கும்.

புசல்லாவ_புள்ள:

எல்லாரும் எஞ்சினயே பேசுறீங்க, நான் பின்னால போறேன். தம்பி உங்க டிப் (பின் எக்ஸல் நடுவுல இருக்கிற கியர்) என்ன ரேஷியோ? 1098 மைனருக்கு வந்தது 4.22, கிரவுன்ல 38 பல்லு பினியன்ல 9. பழைய 948க்கு வந்தது 4.55, 41க்கு 9. அந்த 948 டிப்ப உங்க பின் எக்ஸலுக்குள்ள போட்டா ஒவ்வொரு கியர்லயும் வீலுக்குப் போற இழுவை நூத்துக்கு எட்டு கூடும். எஞ்சின்ல ஒரு ஸ்பெனர் வைக்காம எட்டு!! 948 பார்ட்ஸுக்கு எவனும் அடிச்சிக்கிறதும் இல்ல, எல்லாரும் அத கழட்டி 4.22 போடத்தான் அலையிறாங்க, அதனால கழட்டினது எங்கயாவது கராஜ் மூலையில கெடக்கும், சும்மா கேட்டாலே குடுப்பாங்க. ரோட்ல போறப்ப கொஞ்சம் கத்தும், ஸ்பீடோ உள்ளதவிட கூடக் காட்டும், கொழும்புக்கு அடிக்கடி போறவருக்கு சரி வராது. நான் கம்பளைக்குக் கீழ எறங்கிறதே தீபாவளிக்கு உடுப்பு எடுக்கத்தான், எனக்கு அது போதும்.

அப்புறம் பிரேக். ஏத்தத்துக்கு இவ்வளவு பேசுறோம், ஏறினது எறங்கணுமே. நாலும் டிரம், மாஸ்டர் சிலிண்டர் காலுக்குக் கீழ சேஸில ஒளிஞ்சி கெடக்கு, ஒரே சர்க்கிட், ஒரு எடத்துல லீக் ஆனா நாலும் போச்சு. ரம்பொடையில எறங்கிறப்ப எனக்கு ஒரு தடவ பெடல் பலகைய தொட்டுச்சு, ஹேண்ட் பிரேக்கும் ஃபர்ஸ்ட் கியரும் தேயிலை மலை ஓரக் கானும்தான் காப்பாத்துச்சு. 1098க்கு முன்னால 8 இஞ்சி டிரம், அதுல ஒங்களுக்கு பரவால்ல. ஆனாலும் ஒன்றரை லட்சத்துல முப்பதாயிரத்த மொதல்ல வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் ரப்பர் கிட்டுன்னு எடுத்து வைங்க, மிச்சத்துக்கு ஹெட்.

சின்னத்தம்பி_வி8:

வி8 கேட்டு வந்த புள்ளைய சிரிஞ்சும் ரப்பர் கிட்டும் வாங்க அனுப்பி வச்சிட்டீங்களேப்பா

நானுஓயா_மைனர்:

ரெண்டு மாசம் கழிச்சி வர்றேன், மன்னிக்கணும், மழையும் வேலையும்.

ஹெட் கழட்டினோம். மூணாம் நம்பர் எக்ஸோஸ்ட் வால்வு ஓரத்துல பிஸ்கட்ட கடிச்ச மாதிரி ஒரு துண்டு இல்ல, ரெண்டாம் நம்பரும் எறங்க ஆரம்பிச்சிருந்துச்சு, ஹட்டன் அண்ணன் சொன்னது அச்சு அசல். சிலிண்டர் செவுத்துல ஹோன் கோடு (மெஷின்ல உரசினப்ப விழுந்த கோடு) கூட இன்னும் தெரியுது, போர் அடிச்சிருந்தா காச கொண்டு போயி கொத்மலையில போட்ட மாதிரிதான். நாலு சீட், நாலு வால்வு, ரெண்டு கைடு. சேம்பர் அளந்தப்ப நாலும் நாலு விதம், ஒண்ணுக்கொண்ணு ஒண்ணரை சிசி வரைக்கும் வித்தியாசம், அம்மா மண்ணெண்ணெய் நாத்தத்துக்கு ஏசி சமையல்கட்ட விட்டே துரத்திட்டாங்க. சீவி 9.2 கிட்ட நிப்பாட்டிட்டேன், 9.3க்கு மனசு வரல. 12ஜி295 தேடினேன், கெடச்ச ஒண்ணும் வெடிச்சது, விட்டுட்டேன். பிரேக் முழுசா செஞ்சாச்சு. மொத்தம் ஒரு லட்சத்து பத்தாயிரம் சொச்சம்.

இப்ப கொம்பிரஷன் நம்ம ஊர்லயே 128, 126, 125, 127. நானுஓயாவுல இருந்து மேல தேர்ட் கியர்லயே வர்றேன், ரெண்டு வளைவுல மட்டும் செகண்ட். ரதல்லையும் போனேன்!! லொறிக்காரன் இன்னும் முந்தல, நானும் அவன முந்தல, ஒண்ணாத்தான் போறோம். பெட்ரோலும் கொறைஞ்சிருக்கு.

ஒரே பிரச்சினை, போன வாரம் கித்துல்கல வழியா கொழும்பு போனேன், அவிசாவளை தாண்டினதும் அக்ஸலரேட்டர் மிதிச்சா கிணிகிணின்னு தட்டுது. 92 ஒக்டேன் பெட்ரோல்தான் அடிச்சிருந்தேன். இக்னிஷன் டைமிங்க இங்க ரெண்டு மூணு டிகிரி முன்னால வச்சிருந்தோம். மேல வந்ததும் சத்தம் இல்ல.

ஹட்டன்_லேத்:

இருக்கத்தான் செய்யும், கீழ காத்து கனம், சூடும் வேற. கீழ போறப்ப 95 அடிங்க. டிஸ்ட்ரிபியூட்டர்ல வெக்கியூம் டப்பாவுக்குப் பக்கத்துல ஏ, ஆர்னு போட்டு ஒரு சின்ன திருகு இருக்கு பாருங்க, ஏ பக்கம் டைமிங் முன்னால போகும், ஆர் பக்கம் பின்னால வரும், லூகஸ்காரன் இதுக்குன்னே வச்சது. கினிகத்தேனையில டீ குடிக்க நிப்பாட்டுறப்ப ஆர் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கோங்க, திரும்பி வர்றப்ப அதே எடத்துல டீய குடிச்சிட்டு ஏ பக்கம் அதே அளவு. எத்தன சுத்துன்னு டேஷ்போர்ட்ல எழுதி ஒட்டிருங்க மறந்துரும். ஹெட் நட் எல்லாம் 500 கிலோமீட்டர்ல திரும்ப 40 அடி பவுண்டுக்கு இறுக்கினீங்களா? இறுக்கினதும் டெபட் கேப்பையும் திரும்பப் பாக்கணும்.

நானுஓயா_மைனர்:

ஹெட் நட் இறுக்கல அண்ணே, இந்த ஞாயித்துக்கிழமை செய்றேன். புசல்லாவ அண்ணே, தலவாக்கலையில ஒருத்தர்கிட்ட டிப் ஒண்ணு இருக்கு, 948ல கழட்டினதுன்னு சத்தியம் பண்றாரு, பத்தாயிரம் கேக்கிறாரு. எப்படி கண்டுபிடிக்கிறது?

புசல்லாவ_புள்ள:

சத்தியத்த நம்பாத தம்பி, கிரவுன்ல சோக்கட்டியால அடையாளம் போட்டு பல்ல எண்ணு. 41 இருந்தா எடு. கையால சுத்தறப்ப கரகரன்னு இருந்தா 41 இருந்தாலும் வேணாம். அப்புறம் பத்தாயிரம்லாம் குடுக்காத, அஞ்சுக்குக் கேளு, என் பேர சொல்லாத.